குடைக்கம்பி வைத்த கார்

வெள்ளக்கல் தேயிலை எஸ்டேட்டில் மழைக்கு யாரும் மரியாதை கொடுப்பதில்லை. சின்னத்துரையின் மோட்டார் பைக்குக்குத்தான் கொடுப்பார்கள். வளைவில் பைக் சத்தம் கேட்டதும் பாதையில் போகிறவர்கள் ஓரத்தில் ஒதுங்க வேண்டும், தலைத்துண்டை அவிழ்க்க வேண்டும், குடையை மடக்க வேண்டும். வானம் கிழிந்து ஊற்றினாலும் மடக்க வேண்டும். வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன வழக்கம் அது. கப்பல் ஏறும்போது பங்களா, நாய்க்கூண்டு, இந்த வழக்கம் மூன்றையும் சேர்த்துத்தான் ஒப்படைத்தான். அந்த வரிசையில் கடைசியாக வந்த தேவசிகாமணி மூன்றையும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார். கூண்டுக்கு நாய் மட்டும் கிடைக்கவில்லை.

தேவசிகாமணி கம்பெனியில் உதவி மேனேஜர், தொழிலாளிகளின் லைன் வீடுகளில் சின்னத்துரை. பிறந்தது சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டில். அதைச் சொன்னால் முகம் சுருங்கும். வாயில் எந்நேரமும் ஒரு பைப் இருக்கும். அதிலிருந்து புகை வந்ததை யாரும் பார்த்ததில்லை. எஸ்டேட் கிளப்புக்கு அவர்தான் கௌரவச் செயலாளர். வருஷா வருஷம் கிளப் டே அன்று அவருடைய மச்சான் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய சிவப்புக் காரை ஹாலில் ஓட்டிக் காட்டுவார். கையில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு கம்பி. கார் தூரத்தில் தன்னால் ஓடும், திரும்பும். அதற்கு முன்னால் விஞ்ஞானத்தைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. விஞ்ஞானத்தை அவரே பெற்று வளர்த்தது போல இருக்கும்.

அந்த ஹாலின் மரத் தரையைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை முத்துப்பேச்சிக்கு. மெழுகைப் பூசி, பாதித் தேங்காய் மட்டையில் ஒரு காலை வைத்து அழுத்தி, ஹால் முழுக்க முன்னும் பின்னுமாகப் போக வேண்டும். கிட்டத்தட்ட டான்ஸ் மாதிரி. கிளப்பில் ஆடுகிறவர்கள் எல்லாரையும்விட அந்தத் தரையில் அதிகம் ஆடியவள் அவள்தான் என்று லைனில் கேலி செய்வார்கள். அவளும், "ஆமா, என் காலுக்கு மட்டும் கூலி உண்டு, அவுக காலுக்குக் கிடையாது" என்பாள்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆடி மழையில் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தாள். பின்னால் பைக் வந்தது. பாதையில் போன மற்றவர்கள் ஓரமாக நின்று நனைந்தார்கள். முத்துப்பேச்சியும் ஓரமாக நின்றாள், ஆனால் நனையவில்லை. பைக் நின்றது.

"ஏய், குடையை மடக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் தொரை. மழை விட்டதும் மடக்கிருவேன்."

அவள் எகத்தாளமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை ஆளெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் தீர்ப்பு சொன்னார். முத்துப்பேச்சி இனிமேல் கிளப் வாசப்படியை மிதிக்கக் கூடாது. கிளப் டே முடிந்து வரும் திங்கட்கிழமை இதே களத்தில், குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு மாப்பு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கொழுந்து கிள்ளவும் வர வேண்டாம், லைன் வீட்டையும் காலி செய்துவிடலாம். அன்றைக்கே சொல்ல வைக்காததற்குக் காரணம் இருந்தது. பக்கத்து எஸ்டேட் துரைமார் எல்லாம் கிளப் டேக்கு வருகிறார்கள். அந்த நேரத்தில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம், சமரம் கிமரம் என்று உட்கார்ந்துவிட்டால் கேக் வெட்ட முடியாது.

"வாசப்படியை நான் மிதிக்கல தொரை," என்றாள் முத்துப்பேச்சி. "என் காரு மிதிச்சா?"

பின் வரிசையில் நின்ற அவள் புருஷன் குருசாமி முன்னால் நின்றவனின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினான்.

"உன்... கார்?"

"எங்க வீட்டு ஆளு செய்யிறாக. உங்களது மாதிரி தூர இருந்து ஓட்டுற காரு."

தேவசிகாமணி சிரித்தார். யாரும் கேட்டு வரப் போவதில்லை என்று தெரிந்த பொருளைத் தாராளமாகத் தானம் செய்கிறவரின் முகம். "சரி. எல்லாரும் கேட்டுக்கோங்க. இவ கார் கிளப் ஹால்ல ஒரு ரவுண்டு அடிச்சு வெளிய வரட்டும். மாப்பும் வேண்டாம், குடையும் மடக்க வேண்டாம். கிளப் டே அன்னைக்கே கொண்டு வா. விருந்தாளிகளும் சிரிக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் குருசாமி தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"ஏ புள்ள, நான் வாயால செய்யிற காரத்தான சொன்னேன்?"

"வாயால செஞ்சத கையால செய்யி."

குருசாமி தேயிலை ஃபாக்டரியில் எலெக்ட்ரீசியனுக்கு உதவியாள். அதற்கு முன்னால் போடியில் ஒரு ரேடியோ கடையில் இருந்தான். நல்லாக இருந்த ரேடியோக்களையும் திறந்து பார்த்ததால் கடைக்காரர் துரத்திவிட, மலை ஏறினான். அவனுக்குத் தெரிந்தது பாதி, தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தது முக்கால்வாசி. ஜெர்மனிக் காரைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, "இது என்ன பெரிய வித்தை?" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தவன். இப்போது மாட்டிக்கொண்டான்.

ஆனால் மாட்டிக்கொண்டவன் கை சும்மா இருக்கவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து அடிப்பாகம் செய்தான். பெட்டியின் ஓரத் தகரப் பட்டியை வளைத்து மோட்டாருக்குத் தொட்டில் கட்டினான். மோட்டார், செத்துப்போன ஒரு பேட்டரி ரெக்கார்டு பிளேயரிலிருந்து வந்தது. பல்சக்கரங்கள், காலை நாலு மணிக்கு அடிக்க வேண்டியதை மத்தியானம் அடித்துக்கொண்டிருந்த ஓர் அலாரம் கடிகாரத்துடையவை. நாலு சக்கரமும் முத்துப்பேச்சி கொண்டுவந்து போட்டவை. கிளப் தரைக்குப் பூசித் தீர்த்த மெழுகு டப்பாக்களின் மூடிகள். அவற்றைச் சுற்றி சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டினாள்.

"அவுக தரையைத் தேய்ச்ச டப்பா. அந்தத் தரை மேலயே உருளட்டும்."

தூர இருந்து ஓட்டுவதுதான் பாடாக இருந்தது. ஜெர்மனிக் காரில் என்ன இருந்ததோ அதை வாங்க இந்த மலையில் கடையும் இல்லை, மடியில் காசும் இல்லை. குருசாமி பழைய வழிக்குப் போனான். லாரியிலிருந்து கழற்றிப் போட்ட இக்னிஷன் காயிலை ஒரு பெட்டியில் வைத்து, காலிங் பெல் பொத்தான் ஒன்றை இணைத்தான். பொத்தானை அமுக்கினால் பெட்டிக்குள் பொறி பறக்கும். பொறி பறந்தால் காற்றில் ஓர் அதிர்வு கிளம்பும். அதைப் பிடிக்க காரின் மேல் ஒரு கம்பி. கம்பிக்குக் கீழே, டிஸ்பென்சரி ஊசி மருந்துக் குப்பியை வெட்டி எடுத்த சின்னக் கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் பழைய நிக்கல் காசை அரத்தால் ராவிய தூள். அதிர்வு வந்தால் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கரண்டுக்கு வழி விடும், மோட்டார் சுற்றும். ஒரு குட்டிச் சுத்தி குழாயை இடைவிடாமல் தட்டித் தூளைக் கலைத்துவிடும். பொறி நின்றால் கார் நிற்கும்.

கம்பிக்குக் குறைவில்லை. காற்று முறித்த குடை இல்லாத வீடு லைனில் கிடையாது. ஒரு குடைக்கம்பி காரில் நின்றது, இன்னொன்று பெட்டியில்.

முதல் தரம் பொத்தானை அமுக்கியபோது கார் அசையவில்லை. லைன் முழுக்க ரேடியோக்கள்தான் கிர்ர்ர் என்று கத்தின. பக்கத்து வீட்டுக் குருவம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"கொழுந்தனாரே, சிலோன் ஸ்டேஷன்ல நல்ல பாட்டு ஓடுது. நீரு என்ன கோழியவா வறுக்கீரு?"

"கார் ஓட்டுறேன் மதினி."

"ஓடுற மாதிரி தெரியலையே. பாட்டுத்தான் ஓடிப் போச்சு."

இரண்டொரு நாளில் ஓடியது. முன் அச்சு கோணலாக உட்கார்ந்துவிட்டதால் நேராகப் போகத் தெரியவில்லை, இடப்பக்கமாகவே வளைந்து வளைந்து போனது. குருசாமி அதைச் சரிசெய்யப் பார்த்து அலுத்துப்போய், "ரவுண்டுதான கேட்டாரு? ரவுண்டாத்தான் போகுது" என்று விட்டுவிட்டான்.

அன்று சாயங்காலம் கார் கட்டிலுக்கடியில் சும்மா கிடந்தது. பொத்தான் பெட்டி பரண் மேல். வெளியே பாதையில் தேவசிகாமணியின் பைக் வந்தது. கட்டிலுக்கடியில் கார் திடீரென்று விழித்துக்கொண்டு ஓடி வந்து முத்துப்பேச்சியின் காலில் முட்டியது. பைக் தூரம் போகப் போக கார் மெதுவாகி நின்றது.

குருசாமி காரைக் கையில் எடுத்துக் கம்பியைத் தடவிப் பார்த்தான்.

"பைக் என்ஜினுக்குள்ளயும் பொறிதான பறக்கும்," என்றான் குருசாமி மெல்ல. "இதுக்கு எந்தப் பொறின்னு தெரியாது. எது பறந்தாலும் ஓடும்."

முத்துப்பேச்சிக்கு முகம் சிவந்தது. "அப்ப அந்தாளு பைக் வந்தா வெளிய ஊரே எந்திரிச்சு நிக்குது, உள்ள இதுவும் எந்திரிச்சு ஓடுதா? நான் எதுக்கு இம்புட்டுப் பாடு படுறேன்? அவனுக்கு எந்திரிக்கிற காரு எனக்கு வேணாம்யா. மாத்து."

"மாத்த முடியாது புள்ள. இது இப்படித்தான்."

"குடைய மடக்குற நம்ம ஆளுகளும் இப்படித்தான்னு சொன்னீரு. நான் மாறலையா?"

குருசாமி தூளை மாற்றிப் பார்த்தான், கம்பியைக் குட்டையாக்கிப் பார்த்தான். கார் பிடிவாதமாக சின்னத்துரை விசுவாசியாகவே இருந்தது.

கிளப் டே அன்று தூறல். லைன் ஜனங்கள் வேடிக்கை பார்க்க அனுமதி உண்டு, கிளப்பின் முற்றத்தில், வாசப்படிக்கு இந்தப் பக்கம். சோடாப் பெட்டி ஏற்றுவதற்காகப் படியில் சாய்த்துப் போட்டிருந்த பலகையின் அடியில் முத்துப்பேச்சி காரை வைத்தாள். திறந்த கதவு வழியாக ஹால் முழுதும் தெரிந்தது. தரையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். அவளை நிறுத்திவிட்டு வேறு யாரையோ வைத்துத் தேய்த்திருந்தார்கள். பாதி இடம் மங்கலாகக் கிடந்தது.

உள்ளே தேவசிகாமணி கோட்டுப் போட்டுக்கொண்டு பேசினார். விஞ்ஞானம் ஜெர்மனியில் தோன்றி, அவருடைய மச்சான் வழியாக வெள்ளக்கல்லுக்கு வந்து சேர்ந்த வரலாறு அது. மேனேஜரான பெரியதுரை கொட்டாவியைக் கைக்குட்டையால் மூடினார். பிறகு சிவப்புக் கார் இறங்கியது. வழுவழுவென்று ஓடியது. வளைந்தது. துரைசானிகள் கை தட்டினார்கள்.

"நம்ம முறை எப்ப வரும்னு தெரியல," என்று குருசாமி முணுமுணுத்தான். "ஒருக்கா அமுக்கிப் பாரு, வேலை செய்யுதான்னு."

முத்துப்பேச்சி அமுக்கினாள். அவள் கார் அசையவில்லை. உள்ளே சிவப்புக் காருக்குப் பேய் பிடித்தது. நின்ற இடத்திலேயே சுற்றியது, பின்னால் பாய்ந்தது, பெரியதுரைசானியின் கணுக்காலில் மோதியது, கடைசியில் பியானோவின் காலில் தலையைக் கொடுத்து, கம்பி ஒடிந்து, கிடந்தது.

"பேட்டரி வயர் கழண்டிருக்கு," என்று குருசாமி தன் காரைக் குனிந்து பார்த்துச் சரிசெய்தான். உள்ளே நடந்ததை அவன் கவனிக்கவேயில்லை.

தேவசிகாமணி கவனித்தார். வாசலுக்கு வந்தவர் முத்துப்பேச்சியின் கையில் குடைக்கம்பி நீட்டிய பெட்டியைப் பார்த்தார்.

"வாட்ச்மேன்! அந்தப் பெட்டியைப் பிடுங்கு!"

வாட்ச்மேன் பெரியமுத்து தயங்கித் தயங்கி வந்தான். "கோவிச்சுக்காத தாயி. எனக்கும் லைன்லதான வீடு." பெட்டியை வாங்கிப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"பெட்டியைக் குடுங்க தொரை, என் காரு ரவுண்டு அடிக்கட்டும். உங்க வாயாலதான சொன்னீக?"

"அடிக்கட்டுமே. நான் காரைத் தொட்டேனா? அது இங்கேயேதான் இருக்கு. ஓடச் சொல்லு." சிரித்தார். "ஓடலேன்னா திங்கக்கிழமை குடையோட வா."

முத்துப்பேச்சி பலகைக்கு அடியில் கிடந்த காரைப் பார்த்தாள். தேவசிகாமணி திரும்பி விருந்தாளிகளிடம், பங்களாவில் மாற்றுக் கம்பி இருக்கிறது, ஒரு நிமிஷத்தில் கொண்டுவந்து நிகழ்ச்சியைத் தொடர்வேன் என்று அறிவித்தார். போர்டிகோவில் நின்ற பைக்கில் ஏறி உதைத்தார். என்ஜின் பிடித்துக்கொண்டது.

பலகைக்கு அடியில் கார் விழித்துக்கொண்டது.

பலகையில் ஏறியது. யாரும் மிதிக்கக் கூடாத வாசப்படியை மெழுகு டப்பா மூடிகளால் மிதித்தது. குடைக்கம்பியை ஆட்டிக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தது. முத்துப்பேச்சி தேய்த்த தரையாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். அரைகுறையாகத் தேய்த்த தரையில் சைக்கிள் டியூப் நன்றாகப் பிடித்தது. இடப்பக்கமாக வளைந்து, பெரியதுரையின் நாற்காலியைத் தாண்டி, கேக் மேசையைச் சுற்றிப் போயிற்று. துரைசானிகள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு ஹாலே சிரித்தது.

தேவசிகாமணி பைக்கில் உட்கார்ந்தபடியே என்ன சிரிப்பு என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"தொரை, நிறுத்திராதீக!" என்று முத்துப்பேச்சி கத்தினாள். "இன்னும் அரை ரவுண்டு இருக்கு!"

குருசாமி அவள் வாயைப் பொத்தினான். கொஞ்சம் தாமதம். அவர் பைக்கைப் பார்த்தார், காரைப் பார்த்தார், வாட்ச்மேன் இடுப்பில் சும்மா இருந்த பெட்டியைப் பார்த்தார். பட்டென்று சாவியைத் திருப்பினார். கார் ஹாலின் நட்டநடுவில் நின்றது.

"எவ்வளவு தூரம் வந்துச்சு, பார்த்தியா? எல்லாம் உன் வாய்," என்றான் குருசாமி.

"ஓட்டுனவருக்கு யாரு ஓட்டுறதுன்னு தெரிய வேண்டாமா?"

ஒரு பரிசாரகன் காரை எடுக்கக் குனிந்தான். குருசாமி வெளியிலிருந்தே குரல் கொடுத்தான். "தொடாதீக! ஷாக் அடிக்கும். அவ கைக்கு மட்டுந்தான் பழக்கம்." நாலு டார்ச் செல்லில் ஓடுகிற காரில் எறும்புக்குக்கூட ஷாக் அடிக்காது. ஆனால் அந்தக் குடைக்கம்பியைப் பார்த்தவர்கள் யாரும் பரிசோதித்துப் பார்க்க முன்வரவில்லை. பரிசாரகன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பெரியதுரை எழுந்து வாசலுக்கு வந்தார். அவருக்கு நெடுநாளைக்குப் பிறகு தூக்கம் கலைந்திருந்தது. "என்ன விஷயம்?" என்று கேட்டார். பெரட்டில் கேட்ட வாக்கைக் குருவம்மாள் கூட்டத்துக்குள்ளிருந்து வார்த்தை பிசகாமல் ஒப்பித்து, பைக் ஓடினால்தான் கார் ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"அப்படியா? தேவசிகாமணி, எல்லாரும் ஆடணும்னு காத்திருக்காங்க. ஒண்ணு அந்தம்மாவை உள்ளே கூப்பிட்டு எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. இல்லேன்னா உங்க பைக்கை ஸ்டார்ட் பண்ணுங்க."

தேவசிகாமணி வாசப்படியைப் பார்த்தார். கூப்பிட்டால் அவள் அதை மிதிப்பாள். கூப்பிடாவிட்டால் கார் மிதிக்கும். பைப்பை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டார், சாவியைத் திருப்பி உதைத்தார்.

என்ஜின் பிடிக்கவில்லை. ஆனால் உதைக்கு ஒரு பொறி பறந்தது. ஹாலில் கார் ஒரு சாண் தாவி நின்றது.

மறுபடி உதைத்தார். மறுபடி ஒரு சாண்.

பெரிய மனிதர் ஒருவர் கோட்டோடு தூறலில் நின்று உதைப்பதும், உள்ளே ஒரு பலகைக் கார் அதற்கேற்பத் தாவுவதும், கிளப் ஆரம்பித்த காலத்திலிருந்து அங்கே நடந்த எந்த நிகழ்ச்சியையும்விட நன்றாக இருந்தது. முற்றத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது: "இன்னொண்ணு போடுங்க தொரை!" அப்புறம் கூட்டமே பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்தும் யாரோ பக்கத்து எஸ்டேட் துரை, "கமான், தேவா!" என்று கண்ணாடி டம்ளரைத் தூக்கினார். கார் தாவித் தாவி, இடப்பக்கமாகவே வளைந்து, கடைசி நாற்காலியை உரசி, கதவுக்கு வந்தது. வாசப்படியில் முன் சக்கரம் ஏறித் தொங்கியது.

"ஒண்ணே ஒண்ணு!" என்றாள் முத்துப்பேச்சி.

உதைத்தார். கார் படியைத் தாண்டி, பலகையில் தன்னால் உருண்டு இறங்கி, அவள் காலடியில் வந்து முட்டியது.

அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பால் ஈரத்தைத் துடைத்தாள். பெரியமுத்து யாரும் சொல்லாமலே பெட்டியைத் திருப்பிக் கொடுத்தான். பெரியதுரை, "ரவுண்டு முடிஞ்சுது, இல்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார். ரெக்கார்டில் பாட்டு ஆரம்பித்தது.

தேவசிகாமணி அதற்குமேல் உதைக்கவில்லை. பைக்கை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஹாண்டில்பாரைப் பிடித்து, பங்களாவை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார். பங்களாவுக்குப் போக லைனைக் கடந்துதான் போக வேண்டும். தூறல் மழையாகத் தொடங்கியிருந்தது. கூட்டம் குடைகளை விரித்துக்கொண்டு அதே பாதையில் அவருக்கு முன்னால் இறங்கியது. முத்துப்பேச்சி குடையைக் காருக்குப் பிடித்தாள், குருசாமி வெளியே நனைந்தான்.

சத்தமில்லாமல் பைக் அவர்களைக் கடந்தது. குருவம்மாளின் கை, பழக்கத்தில், குடையின் பிடிக்குப் போயிற்று.

"அக்கா," என்றாள் முத்துப்பேச்சி, சின்னத்துரைக்கும் கேட்கும்படியாக. "மழை இன்னும் விடல."

குருவம்மாள் கையை எடுத்தாள்.